எண்டோமெட்ரியோசிஸ்: தமிழ்ல "இடமகல்"னு ஏன் சொல்றாங்க?

எண்டோமெட்ரியோசிஸ்னு டாக்டர் எழுதுன ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு கருப்பைக்குள்ள ஏதோ கட்டியாம்னு வீட்ல சொல்றவங்கதான் அதிகம், அவங்கள குத்தம் சொல்ல முடியாது, பேரே அப்படித்தான் இருக்கு. கிரேக்கத்துல எண்டோன் உள்ளே, மெட்ரா கருப்பை, ஓசிஸ் நோய்நிலை. 1920கள்ல அமெரிக்க டாக்டர் ஜான் சாம்ப்சன் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பேரு. ஆனா நோயே கருப்பையோட உள்படலம் மாதிரியான திசு கருப்பைக்கு வெளிய போய் ஒட்டி வளர்றதுதானே!

நம்ம சொல் இடமகல் கருப்பை அகப்படலம். நீளந்தான், ஆனா முதல் சொல்லுலயே விஷயம் வந்துடுது. இந்த அகல் விளக்கு இல்லீங்க, விலகிப் போறது, இடத்தை விட்டு அகன்றது.

எவ்வளவு தூரம் அகலும்? பெரும்பாலும் சினைப்பை, கருப்பைக்குப் பின்பக்கம்னு இடுப்புக்குழிக்குள்ளயே நின்னுடும். சிலருக்கு சிசேரியன் தழும்பு, தொப்புள், ஏன் நுரையீரல் உறை வரைக்கும்கூட போகும். கண்டுபிடிக்க ரொம்ப பாடு படுத்துறது உதரவிதானம், அதாவது நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற தசை. உதரம்னா வயிறு, விதானம்னா மேற்கட்டி, வயித்துக்கு மேல கட்டுன பந்தல் துணி மாதிரி, அழகான சொல். அதுல பெரும்பாலும் வலது பக்கம்தான் ஒட்டும், பீரியட்ஸ் வந்தா வலது தோள்பட்டை வலிக்கும், ஏன்னா உதரவிதான நரம்பும் தோள்பட்டை உணர்ச்சி நரம்புகளும் கழுத்துல ஒரே இடத்துலருந்து கிளம்புது. இது தெரியாம எலும்பு டாக்டர்கிட்ட போய் எக்ஸ்ரே எடுத்து ஒண்ணுமில்லன்னு தைலத்தோட திரும்பி வருவாங்க.

எம்ஆர்ஐல சின்ன புள்ளிகள் தப்பிடும். தொப்புள் வழியா லேப்ராஸ்கோப், அதாவது வயித்துக்குள்ள பார்க்கிற கேமரா குழாய் விட்டாலும் கல்லீரல் திரை போட்ட மாதிரி மறைச்சுக்கும், அதனால நோயாளிய இடது பக்கமா சாய்ச்சு, தலைப்பக்கம் உயர்த்தி, விலா எலும்புக்குக் கீழ இன்னொரு துளை போட்டு, கல்லீரலை மெதுவா கீழ தள்ளிட்டுப் பின்பக்கம் பார்க்கணும், அப்படிப் பார்க்காம "எல்லாம் கிளியர்"னு சொன்னா அது பாதி பார்த்த கணக்குதான்.

மேலாப்புல இருந்தா உரிச்சு எடுக்கலாம், ஆழமா இருந்தா உதரவிதானத்தையே அந்த அளவு வெட்டித் தைக்கணும், நெஞ்சுப் பக்கமும் பரவியிருந்தா நெஞ்சு சர்ஜனும் வேணும். சுட்டுப் பொசுக்குறதும் உண்டு, ஆனா உதரவிதானம் மெல்லிசு, மேல நுரையீரலும் இதயமும் இருக்கு, கை நடுங்குற இடம்.

இன்னொண்ணு கவனிச்சீங்களா, அகல் தன்வினை, அதோட பிறவினை அகற்று. நோய்க்குப் பேரு இடமகல், ஆபரேஷனுக்குப் பேரு அகற்றல், ஒரே வேர்ச்சொல்!