ஒரு மணி நேரப் பந்தயம் நெடுந்தூரக்காரருக்கு எதற்கு?

ஆறு மணி நேரம் அசராமல் சைக்கிள் மிதிக்கிற ஒருவர், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் டிரையத்லானின் குறுந்தூரப் பந்தயத்தில் குதித்து 200 மீட்டர் நீந்துவதற்குள் மூச்சுக்குத் தவிக்கிறார். அவர் செய்யும் பயிற்சியில் பாதிகூடச் செய்யாதவர் பக்கத்தில் நீந்தி, அவரைத் தாண்டிப் போகிறார். மாதக்கணக்கில் சேர்த்த உடல் திறன் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. அதைக் கூப்பிட அவர் அவகாசம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஓய்வில் இருக்கும் உடல் திடீரென வேகமெடுத்தால், தசைக்கு வேண்டிய ஆக்சிஜன் அந்த நொடியே வந்து நிற்காது. இதயமும் நுரையீரலும் ரத்தக் குழாய்களும் செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் தேவையான வேகத்துக்கு ஏற இரண்டு, மூன்று நிமிடம் பிடிக்கும். அதுவரை தசை தன்னிடம் உள்ள உடனடி ஆற்றல் சேமிப்பான கிரியேட்டின் பாஸ்பேட்டையும், ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைக்கும் குறுக்கு வழியையும் வைத்துச் சமாளிக்கிறது. நெடும்பந்தயத்தில் இது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அங்கே முதல் பத்து நிமிட நீச்சலே உடலைச் சூடாக்கும் பயிற்சியாகிவிடுகிறது. குறும்பந்தயத்தில் அந்தப் பத்து நிமிடத்துக்குள் நீச்சலின் பெரும்பகுதி முடிந்துவிடும். அதனால்தான் பந்தயம் சிறிதாகச் சிறிதாக, தொடங்குமுன் உடலைச் சூடேற்றும் நேரம் பெரிதாக வேண்டும்.

தூரங்களைச் சொல்லிவிடுகிறேன். ‘ஸ்பிரின்ட்’ டிரையத்லானில் 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். பொழுதுபோக்கு வீரர்கள் பலருக்கு ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். நெடும்பந்தயமான அயர்ன்மேனில் இதே மூன்றும் 3.8 கி.மீ., 180 கி.மீ., 42.2 கி.மீ.; முடிக்கப் பொதுவாக 17 மணி நேரம் தருகிறார்கள். பெயரில் ஸ்பிரின்ட் இருந்தாலும் 100 மீட்டர் ஓட்டத்துக்கும் இதற்கும் உறவில்லை. ஒரு மணி நேரம் நீடிக்கும் எந்த முயற்சியிலும் ஆற்றலில் மிகப் பெரும்பங்கு ஆக்சிஜன் வழியாகவே வரும். இரண்டு பந்தயத்துக்கும் எஞ்சின் ஒன்றுதான். அதை எவ்வளவு முறுக்குகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

அந்த முறுக்கலைப் புரிந்துகொள்ள தசைக்குள் போக வேண்டும். தசை இழைகளில் மெதுவாகச் சுருங்கி, எளிதில் களைக்காதவை உண்டு. வேகமாகச் சுருங்கி, சீக்கிரம் களைப்பவையும் உண்டு. இவற்றை வேலைக்குக் கூப்பிடுவதில் உடல் ஒரு வரிசையைக் கடைப்பிடிக்கிறது. சிறிய நரம்பணுக்களோடு இணைந்த மெது இழைகள் முதலில் வரும். அவற்றின் விசை போதாதபோதுதான் பெரிய நரம்பணுக்களோடு இணைந்த வேக இழைகள் இறங்கும். நரம்பியல் ஆய்வாளர் எல்வுட் ஹென்னமன் கண்டு சொன்ன இந்த ஒழுங்குக்கு அளவு விதி என்று பெயர். நிதானமான நீண்ட பயிற்சியில் மெது இழைகளே பாரத்தைச் சுமக்கின்றன. அவற்றின் எரிபொருள் தீர்ந்து தளரும் கடைசிக் கட்டத்தில்தான் மற்றவற்றுக்கு அழைப்பு போகும். கடும் வேகப் பந்தயத்தில் அந்த அழைப்பு முதல் சில நிமிடங்களிலேயே போய்விடும். மாதக்கணக்கில் மெதுவாக மட்டும் ஓட்டியவருக்கு இந்த இழைகள் கிட்டத்தட்ட வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தவை.

அவை வேலை செய்யும்போது, சர்க்கரை உடைவதிலிருந்து லாக்டேட் என்ற பொருள் உண்டாகிறது. இது கழிவு, தசையை எரிய வைக்கும் விஷம் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உடலியல் ஆய்வாளர் ஜார்ஜ் புரூக்ஸ் 1980களிலேயே வேறு படத்தை முன்வைத்தார்: ஒரு இழை வெளியே தள்ளும் லாக்டேட்டைப் பக்கத்து மெது இழையும் இதயமும் வாங்கி எரிபொருளாக எரிக்கின்றன. வாங்கி எரிக்கும் இந்தத் திறன் நீண்ட பயிற்சியால்தான் வளர்கிறது. ஆக, நெடுந்தூரக்காரரிடம் அடுப்பு பெரிதாகவே இருக்கிறது, விறகு போடுகிறவர்தான் பழக்கம் விட்டுப்போயிருக்கிறார்.

சரி, இதனால் நெடும்பந்தயத்துக்கு என்ன லாபம்? உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவைக் கூரை என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரின்ட் பந்தயம் அந்தக் கூரையைத் தலை உரசும் உயரத்தில் நடப்பது. அயர்ன்மேன் அதைவிட நன்றாகக் கீழே. கூரை உயர்ந்தால், அதே நெடும்பந்தய வேகம் கூரையின் சிறிய பங்காகிவிடும். கொழுப்பிலிருந்து அதிகம், மாவுச்சத்திலிருந்து குறைவு என்று எரிபொருள் கலவையும் சாதகமாக மாறும். நார்வே வீரர் கிறிஸ்டியன் புளுமன்ஃபெல்ட் 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் டிரையத்லான் தங்கத்தை 1 மணி 45 நிமிடப் பந்தயத்தில் வென்றார். அதே ஆண்டு நவம்பரில் மெக்சிகோவின் கோசுமெலில் தன் முதல் முழு அயர்ன்மேனை 7:21:12இல் முடித்தார் (நீச்சலில் கடல் நீரோட்டமும் கைகொடுத்தது). ஜெர்மனியின் யான் ஃப்ரோடேனோவும் 2008 ஒலிம்பிக் தங்கத்துக்குப் பிறகுதான் 2015இல் ஹவாயில் அயர்ன்மேன் உலகப் பட்டத்தை எடுத்தார். ஒலிம்பிக்கில் அவர்கள் கடந்தது ஸ்பிரின்ட்டைப் போல இரு மடங்கு தூரம், அவர்களுடைய வாழ்க்கையே பயிற்சிதான் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரே ஒரு பந்தயம் யாருடைய கூரையையும் உயர்த்திவிடாது. வாராவாரம் செய்யும் கடும் வேகப் பயிற்சியில் ஒன்றாகத்தான் அதைக் கணக்கில் வைக்க வேண்டும். தனியாகப் பயிற்சி செய்யும்போது அவ்வளவு வருத்திக்கொள்ள மனம் வராது. நெஞ்சில் எண் குத்தினால் வருகிறது.

நீச்சல் முடிந்து எழுந்து ஓடும்போது லேசாகத் தலை சுற்றினால் பொதுவாகப் பயப்பட ஒன்றுமில்லை. படுத்த நிலையிலிருந்து நிமிரும்போது ரத்தம் கால்களுக்கு இறங்குகிறது. கடைசி சில மீட்டர்களில் காலைக் கொஞ்சம் பலமாக உதைத்தால் போதும்.

சைக்கிளில்தான் கணக்கு கறாராகிறது. காற்றை எதிர்க்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். சமதளத்தில் மணிக்கு 30 கி.மீ. என்றால் 20 கி.மீ.க்கு 40 நிமிடம், 36 கி.மீ. என்றால் 33 நிமிடம் 20 நொடி. மிச்சமாவது ஏழு நிமிடம்கூட இல்லை. ஆனால் காற்றுக்குக் கட்ட வேண்டிய திறன் சுமார் 73 சதவீதம் கூடிவிட்டது. 180 கி.மீ.க்கு இப்படிச் செலவழித்தால் மாரத்தானில் நடக்கத்தான் வேண்டியிருக்கும். 20 கி.மீ.க்குக் கட்டுப்படியாகும்.

ஏன் என்றால், தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேமித்த மாவுச்சத்து சுமார் 2,000 கிலோ கலோரி தரும். ஒரு மணி நேரப் பந்தயத்துக்கு அது தாராளம். நெடும்பந்தயத்தில் அது தீர்ந்துபோகும் என்பதால் மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்தை வயிற்றுக்குள் அனுப்பியபடியே இருக்க வேண்டும். ஆகவே நெடும்பந்தயத்துக்கான மாவுச்சத்து ஜெல்லை ஸ்பிரின்ட்டில் சோதித்துப் பார்ப்பது வீண் வேலை. ரத்தம் குடலை விட்டுக் கால்களுக்குப் போய்விட்ட நேரத்தில், தேவையே இல்லாத உணவு அங்கே குமட்டலைத்தான் தரும். சர்க்கரைக் கரைசலை வாய் கொப்பளித்துத் துப்பினாலே ஒரு மணி நேர முயற்சியில் கொஞ்சம் வேகம் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வயிற்றுக்கு எதுவும் போகவில்லை, நாக்கு மூளைக்குச் செய்தி சொல்லிவிட்டது!

சைக்கிளிலிருந்து இறங்கியதும் கால்கள் யாருடையவோ போலிருக்கும். மிதிக்கும்போது தொடைத் தசை சுருங்கியபடி மட்டுமே வேலை செய்தது. ஓடும்போதோ, பாதம் தரையில் மோதும் ஒவ்வொரு முறையும் நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்க வேண்டும். மிதித்த தாளமும் காலை விட்டு உடனே போகாது. காற்றோடு பறந்து வந்தவருக்கு ஓடும் வேகம் குறைவாகத் தோன்றும். முதல் கிலோமீட்டரை அளவுக்கு மீறி ஓடிவிட்டு நான்காவதில் வருந்துவது இதனால்தான். சைக்கிள் முடிந்த கையோடு ஓடும் ‘பிரிக்’ பயிற்சி இந்த மாற்றத்துக்குத்தான். ஸ்பிரின்ட் அதன் மிகக் கடுமையான வடிவம்.

பந்தயத்தின் உண்மையான செலவு மறுநாள் தெரியும். லாக்டேட் சுமார் ஒரு மணி நேரத்தில் இயல்புக்குத் திரும்பிவிடும், கிளைகோஜன் நன்றாகச் சாப்பிட்டால் ஒரு நாளில் நிரம்பிவிடும். நீண்டபடி எடையைத் தாங்கிய தசைகளில் விழுந்த நுண்ணிய சேதம்தான் 24 முதல் 72 மணி நேரத்தில் உச்ச வலியாக வெளிப்படும். படிக்கட்டில் ஏறுவதைவிட இறங்குவதுதான் அப்போது கொடுமை. இந்த நிலையில் மறுநாளே நான்கு மணி நேர சைக்கிள் என்று திட்டம் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அவசரமாகத்தான் படுகிறது. இன்னொரு பக்கம், ஒரு ஸ்பிரின்ட்டுக்காக முன்னே இரண்டு வாரம் பயிற்சியைக் குறைத்து, பின்னே ஒரு வாரம் ஓய்வெடுத்தால் நெடும்பந்தயத் தயாரிப்பில் மூன்று வாரம் காலி. முன்னால் ஓரிரு நாள் இலகுவாக, பின்னால் இரண்டு, மூன்று நாள் மெதுவாக என்றால் போதும். நேரம் கொஞ்சம் மோசமாக வரும், வரட்டும்.

அந்த நேரத்தை வைத்து நெடும்பந்தயத்தை ஜோசியம் பார்ப்பதிலும் சிக்கல் உண்டு. ஸ்பிரின்ட் அளப்பது களைக்காத உடலை. பல மணி நேரம் உழைத்த பிறகு அதே உடல் தாங்கும் வேகம் இறங்கிவிடுகிறது, அந்த இறக்கம் ஆளுக்கு ஆள் மாறும். ஸ்பிரின்ட்டை ஒரே நேரக் கணக்கில் முடித்த இருவரில் ஒருவர் ஐந்தாவது மணியிலும் அதே போல மிதிப்பார், மற்றவர் கரைந்துகொண்டிருப்பார்.

ஆனால் ஒரு எண்ணை மட்டும் நம்பி எடுத்துக்கொள்ளலாம். இதயத் துடிப்பின் உச்சத்தை 220இலிருந்து வயதைக் கழித்துக் கணக்கிடுவது வழக்கம். இது கூட்டத்துக்குச் சரியாக வரும் சராசரி. தனி ஆளுக்குப் பத்துத் துடிப்பு முன்பின் தவறுவது சாதாரணம். 40 வயதுக்காரருக்குச் சூத்திரம் 180 என்று சொல்லும்போது, ஸ்பிரின்ட்டின் கடைசி கிலோமீட்டரில் அவர் கடிகாரம் 189 காட்டினால், அவர் ‘நிதானம்’ என்று நினைத்து வைத்திருந்த எல்லைகள் அத்தனையும் இடம் மாற வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீண்ட சைக்கிள் பயிற்சிக்குப் புதிய எண்களைக் கடிகாரத்தில் ஏற்றிக்கொண்டு கிளம்பலாம்.