'செட்டில்மெண்ட்' என்றால் குடியேற்றமா?

"குடியேற்றம் இல்லாத ஏழைகள்" என்ற தொடரைப் போன வாரம் மறுபடியும் படித்தேன். அமெரிக்காவின் காலனிக் கால பாஸ்டன் பற்றிய ஒரு மொழிபெயர்ப்பு. பத்து வருடமாக அங்கே வாடகைக்கு இருந்தவனுக்குக் குடியேற்றம் இல்லையென்றால், அவன் என்ன கப்பலிலா குடித்தனம் நடத்தினான்?

மூலத்தில் இருந்தது 'செட்டில்மெண்ட்'. பழைய ஆங்கிலத்தில் இருக்கையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது, வேர்க்கதை அவ்வளவுதான். ஏழையர் சட்டத்தில் அதன் பொருளே வேறு: ஒருவர் நொடித்துப்போய், சொந்தபந்தமும் தாங்க முடியாதபோது, சோறும் விறகும் வைத்தியமும் எந்த ஊர் தலையில் விழும் என்பது. இங்கிலாந்தின் 1662-ஆம் வருடச் சட்டம் இதற்கு முன்மாதிரி. பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸில் 1692-ல் போட்ட விதிப்படி, ஊருக்கு வந்தவரை மூன்று மாதத்துக்குள் யாரும் 'கிளம்பு' என்று சொல்லாவிட்டால் அவர் அந்த ஊர்ப் பொறுப்பு. அப்புறம் அதைப் பன்னிரண்டு மாதமாக்கினார்கள். 1767 முதல் ஊர்க்கூட்டமே ஏற்றுக்கொண்டால்தான் உண்டு.

சிலர் 'குடியுரிமை' என்கிறார்கள். இது இன்னும் மோசம். சேலத்தில் (நம்ம சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் சேலம்) பிறந்த ஒரு பெண், பக்கத்து ஊரான இப்ஸ்விச்காரரைக் கட்டிக்கொண்டு, விதவையாகி, பாஸ்டனில் படுத்த படுக்கையானாள் என்று வைத்துக்கொள்வோம். செலவு இப்ஸ்விச்சுடையது, ஏனென்றால் மனைவிக்குக் கணவன் ஊர். மூன்று ஊரிலும் அவள் ஒரே மன்னரின் குடிதான். குடியுரிமைக்கு இதில் என்ன வேலை?

'ஊருரிமை' பரவாயில்லை. ஆனால் பாதிதான் சொல்கிறது. ஏழைக்கு உரிமை, ஊருக்குக் கடமை என்று இரண்டு பக்கமும் வேண்டும். நம் பத்திர எழுத்தர்கள் கையில் அந்தச் சொல் எப்போதோ இருக்கிறது: பாத்தியதை. சொத்தில் பாத்தியதை என்றால் உரிமை. கடனுக்குப் பாத்தியப்பட்டவர் என்றால் கட்ட வேண்டியவர். ஆகவே 'ஊர்ப் பாத்தியதை'. வடமொழி என்று முகம் சுளிப்பவர்கள் இரண்டு பொருளையும் தாங்கும் வேறொரு சொல்லைக் கொண்டுவரட்டும், மாற்றிக்கொள்கிறேன்.

இதோடு ஒட்டி வரும் 'வார்னிங் அவுட்' என்பதை 'நாடு கடத்தல்' என்று எழுதுகிறார்கள். அகராதியில் முதல் பொருளைத் தாண்டாத பழக்கம் போய், இப்போது அகராதியையே திறப்பதில்லை போல. பாஸ்டனில் இந்த வேலைக்கென்றே ஊர் நியமித்த ராபர்ட் லவ் என்பவர் 1765 முதல் 1774 வரை தெருத்தெருவாக நடந்து, புதிதாக வந்தவர்களிடம் பெயர், வந்த ஊர், தங்கியிருக்கும் வீடு எல்லாம் விசாரித்துக் குறித்துக்கொண்டு, மன்னர் பெயரால் 14 நாளில் கிளம்பச் சொன்னார். சுமார் 4,000 பேருக்கு. அதில் பலர் கிளம்பவே இல்லை. யாரும் பிடித்துத் தள்ளவும் இல்லை. சொல்லியாகிவிட்டது, இனி இவர் செலவு எங்களுடையது இல்லை என்று ஊர் ஒதுங்கிக்கொண்டது. நான் இதைக் 'கைகழுவல் அறிவிப்பு' என்றுதான் எழுதுகிறேன்.