பழைய வாகனத்துக்குப் புது வயரிங்: வாங்கும் முன்பும் மாட்டும்போதும்

பழைய கார்களின் மின்வேலையைப் பார்க்கும் எங்களிடம், வயரிங் கருகிய நிலையில் வருகிற வண்டிகளில் புது ஹார்னஸ் (வண்டியின் வயர்களைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு) மாட்டியவையும் கணிசமாக உண்டு. பழைய வயரோடு ஓட்டுகிறவர் ஏதாவது வாசனை வந்தால் உடனே வண்டியை ஓரம் கட்டிவிடுவார்; புதிதாக எல்லாம் மாற்றிவிட்டோம் என்ற நம்பிக்கையில் இருப்பவரோ அந்த வாசனையைப் பொருட்படுத்துவதில்லை. அந்த நம்பிக்கைக்குத் தகுந்த வேலை நடந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பழைய ஹார்னஸை மாற்றத்தான் வேண்டுமா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் வயரே பதில் சொல்லிவிடும். ரப்பர் உறையின் மேல் பருத்தி நூல் பின்னிய வயர்களை விரலில் வைத்து லேசாக வளைத்தாலே உறை பொடியாக உதிரும். பிவிசி உறை கொண்ட பிற்கால வயர்களில் வெளியே பழுது தெரியாவிட்டாலும், ஓரங்குலம் உரித்துப் பார்த்தால் செம்பு கறுத்தோ பச்சை பூத்தோ இருக்கும். அப்படிப்பட்ட வயரில் ஆங்காங்கே டேப் சுற்றி ஒட்டுப்போடுவதில் பயனில்லை.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை, வண்டியில் மின்சாரம் இழுக்கும் ஒவ்வொன்றையும், பின்னால் சேர்க்கப்போகிறவற்றையும் சேர்த்து, ஒரு தாளில் எழுதி ஆம்பியர் கணக்குப் போடுவதுதான். 12 வோல்ட் வண்டியில் 60 வாட் பல்புகள் இரண்டு எரிந்தால் 10 ஆம்பியர் ஓடும். அந்தப் 10 ஆம்பியரை 1 சதுர மில்லிமீட்டர் வயரில் ஐந்து மீட்டர் தூரம் அனுப்பினால், வழியிலேயே ஏறக்குறைய ஒரு வோல்ட் தொலைந்துவிடும். இழை பல்புகளின் வெளிச்சம் மின்னழுத்தத்தைவிட மிக வேகமாகக் குறையும் தன்மையுடையது. பத்து சதவீத மின்னழுத்தம் குறைந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும். புது வயரிங் போட்டும் ஹெட்லைட் மங்கலாகவே இருக்கிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது வயரின் தடிமனையும், ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) வைத்திருக்கிறார்களா என்பதையும்தான்.

6 வோல்ட் வண்டி வைத்திருப்பவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். அதே வாட் அளவுக்கு 6 வோல்ட்டில் இரு மடங்கு ஆம்பியர் ஓடும். மின்னழுத்த இழப்பும் இரு மடங்காகும். இருக்கிற மின்னழுத்தமோ பாதிதான். ஆக, விகிதத்தில் பார்த்தால் நான்கு மடங்கு இழப்பு. 12 வோல்ட்டுக்கென்று தயாரான பொது ஹார்னஸை 6 வோல்ட் வண்டியில் அப்படியே மாட்டுவது தவறு என்பதற்கு இந்தக் கணக்கே போதும். பாசிட்டிவ் எர்த் உள்ள, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனையைப் பாடியோடு இணைத்த வண்டிகளில், ஆல்டர்னேட்டரோ (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் கருவி) எலெக்ட்ரானிக் இக்னிஷனோ சேர்ப்பதற்கு முன் துருவத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். தலைகீழாகக் கொடுத்தால், மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடுகள் அந்தக் கணமே போய்விடும்.

சந்தையில் கிடைப்பவை பொதுவாக இரண்டு வகை: மூல அமைப்பை அப்படியே நகலெடுத்தவை, எந்த வண்டிக்கும் பொருத்திக்கொள்ளும்படி கூடுதல் சுற்றுகளோடும் ஃபியூஸ் பெட்டியோடும் வருபவை. வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே இருக்கிறது, அப்படியே இருக்கப்போகிறது என்றால் முதல் வகையைத் தயங்காமல் வாங்கலாம். ஆல்டர்னேட்டர், மின்விசிறி, ஏசி என்று சேர்த்திருந்தால் இரண்டாவது வகைதான் சரி. நகல் ஹார்னஸை மாட்டிவிட்டு, கூடுதல் லோடுகளை ஹெட்லைட் சுவிட்சிலிருந்தோ இக்னிஷன் சுவிட்சிலிருந்தோ தட்டி எடுப்பதைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன், ஏனென்றால் நான் பார்த்த கருகல்களில் பெரும்பகுதி அந்த இணைப்புகளில்தான் தொடங்கியிருந்தது.

எந்த வகையானாலும் வயர் முழுச் செம்பாக இருக்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயர்களும் விற்பனைக்கு வருகின்றன. தடை அதிகம், அதிர்வில் எளிதில் முறியும். ஓர் இழையைப் பிரித்துக் கத்தி முனையால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிவது அந்த வகை. வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு வயர் வெளியே வெள்ளையாக இருந்தாலும், சுரண்டினால் உள்ளே சிவந்திருக்கும். எஞ்சின் பக்கம் போகும் வயர்களுக்கு, சாதாரண பிவிசியைவிட 125 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் குறுக்குப் பிணைப்புப் பாலிஎத்திலீன் உறை நல்லது.

ஃபியூஸ் காப்பாற்றுவது வயரைத்தான், விளக்கையோ ஹார்னையோ அல்ல. எனவே ஃபியூஸின் அளவு வயரின் தாங்குதிறனைத் தாண்டவே கூடாது. பல பழைய பிரிட்டிஷ் கார்களில் இரண்டே ஃபியூஸ்கள்தான். ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது. அந்தக் கண்ணாடி ஃபியூஸ்களில் அச்சிட்டிருக்கும் 35 என்பது உருகும் அளவு; தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர் மட்டுமே. அந்த எண்ணைப் பார்த்து 35 ஆம்பியர் பிளேடு ஃபியூஸைப் போடுகிறவர், அந்த வயருக்கு இருந்த பாதுகாப்பைப் பாதியாகக் குறைத்துவிடுகிறார்.

அடுத்தது, ஹார்னஸ் பெட்டிக்கு வெளியே இருப்பதால் மறந்துபோகும் மூன்று விஷயங்கள். டாஷ்போர்டில் இருக்கும் ஆம்பியர் மீட்டர் வழியாகத்தான் பல வண்டிகளில் சார்ஜிங் மின்சாரம் முழுவதும் போகிறது. 30 ஆம்பியர் மீட்டரை 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டரோடு விட்டுவைத்தால் தீ பிடிக்க வாய்ப்புண்டு, அதற்குப் பதில் வோல்ட் மீட்டர் பொருத்துவது உத்தமம். இக்னிஷன் காயிலுக்குப் போகும் வயர் சில வண்டிகளில், காயிலுக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைக்கும் தடை வயராகவே பின்னப்பட்டிருக்கும். அது தெரியாமல் சாதாரண வயரை மாற்றிவிட்டால் காயிலுக்கு முழு 12 வோல்ட்டும் போய், பாயின்டுகள் (காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனைகள்) சீக்கிரமே எரிந்துவிடும். மூன்றாவதாக, பல ஆல்டர்னேட்டர்கள் சார்ஜ் எச்சரிக்கை விளக்கின் வழியாக வரும் சிறு மின்சாரத்தால்தான் வேலையைத் தொடங்குகின்றன. அங்கே எல்இடி போட்டால் சார்ஜ் ஆகாமல் போகலாம்.

மாட்டும் வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேட்டரியின் எர்த் முனையை முதலில் கழற்றுங்கள். பழைய ஹார்னஸை வெட்டாமல் முழுதாக எடுத்து, முனைக்கு முனை பெயர் எழுதிக் கட்டி, புதியது ஓடத் தொடங்கும் வரை பத்திரமாக வைத்திருங்கள். வயர் முனையில் மாட்டும் உலோக லக்குகளை நசுக்கிப் பிடிக்க வைக்க (கிரிம்ப் செய்ய) ராட்செட் கிரிம்பிங் கருவியே வேண்டும். ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பாருங்கள். சால்டர் மட்டும் வைத்த இணைப்பில், ஈயம் ஏறிய இடம் விறைத்து, அதன் ஓரத்தில் அதிர்வால் இழைகள் முறியும். எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவே இருக்கும் ஃபயர்வால் தகட்டில் வயர் நுழையும் துளை எதுவானாலும், ஓரம் வயரை அறுக்காமல் காக்கும் ரப்பர் கிராமெட் வளையம் இல்லாமல் விடக்கூடாது.

எர்த் விஷயத்தில் மட்டும் நீட்டி எழுத வேண்டியிருக்கிறது. முழுவதும் புது வயரிங் போட்டு, பாடிக்கும் அழகாகப் பெயின்ட் அடித்து வந்த ஒரு காரில், சாவியைத் திருப்பினால் எஞ்சின் மெதுவாகச் சுழன்றது. கூடவே ஆக்சிலேட்டர் கேபிளின் உறையிலிருந்து புகை வந்தது. எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே இருக்க வேண்டிய பின்னல் ஸ்ட்ராப்பின் ஒரு முனை பெயின்ட்டின் மேலேயே முடுக்கப்பட்டிருந்தது. ஸ்டார்ட்டர் மின்சாரம் திரும்பிப்போக வேறு வழியில்லாமல் அந்த மெல்லிய கேபிளைப் பிடித்துக்கொண்டது. பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் பல் வாஷரோடு முடுக்கி, மேலே கிரீஸ் தடவியதோடு அந்தக் கோளாறு தீர்ந்தது. ஃபைபர் பாடி உள்ள வண்டிகளில் ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் சேஸிஸ் வரை இழுத்தாக வேண்டும்.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது பேட்டரியை நேரடியாக இணைக்க வேண்டாம். பேட்டரியின் எர்த் முனைக்கும் எர்த் கேபிளுக்கும் இடையில் 21 வாட் பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து, எல்லா சுவிட்சுகளையும் அணைத்து, கதவுகளைச் சாத்தி, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். பல்பு எரியாமல் இருந்தால் அந்தச் சுற்றில் ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்தோடு எரிந்தால் கடைசியாகச் செருகிய ஃபியூஸின் வழியில் ஷார்ட் இருக்கிறது. பல்பு மின்சாரத்தை இரண்டு ஆம்பியருக்குள் கட்டுப்படுத்துவதால், வயர் கருகும் பயமின்றி நிதானமாகத் தேடலாம். அது முடிந்து, முதல் இரவுப் பயணம் போய் வந்தவுடன், வண்டியை அணைத்துவிட்டு ஃபியூஸ் பெட்டி, ஹெட்லைட் சுவிட்சின் பின்புறம், ஆல்டர்னேட்டர் இணைப்பு ஆகியவற்றின் அருகில் கையை வைத்துப் பாருங்கள். அக்கம்பக்கத்தைவிடச் சூடாக இருக்கும் இணைப்பைக் கழற்றி, மறுபடி கிரிம்ப் செய்த பிறகே வண்டியை எடுங்கள்.