சாயக் கழிவுநீர் கிணற்றில் இறங்கினால்: மனுவை மூடவிடாமல் எழுதுவது

மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம் ஒன்றில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். கையில் தண்ணீர் பாட்டில், உள்ளே கடுங்காப்பி நிறத்தில் அவர் கிணற்றுத் தண்ணீர். மேசையில் இருந்தவர் அதைத் தொடக்கூட இல்லை. “இதெல்லாம் செல்லாதுங்க ஐயா, மனு எழுதிக் குடுத்துட்டுப் போங்க” என்றார்.

சட்டப்படி அவர் சொன்னது சரிதான். 1974ஆம் ஆண்டு நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, மாசு கட்டுப்பாட்டு வாரிய அலுவலர் ஆலைக்காரருக்கு அறிவிப்புக் கொடுத்து, இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு எடுத்த மாதிரிதான் வழக்கில் நிற்கும். ஆனால் அப்படி மாதிரி எடுக்க வர வேண்டியதே தங்கள் வேலை என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. ஆகவே மனுவில் கேளுங்கள்: “21ஆம் பிரிவின்படி மாதிரி எடுத்து, ஆய்வு முடிவின் நகலை எனக்குத் தர வேண்டும்.”

முதலில் கதவு சரிதானா என்று பாருங்கள். ஆலைக் கழிவுநீர், புகைபோக்கிப் புகை என்றால் வாரியம். குப்பை எரிப்பு என்றால் ஊராட்சி அல்லது நகராட்சி. ஒலிபெருக்கி என்றால் காவல் நிலையம். மாற்றிக் கொடுத்தால் “எங்கள் வரம்பில் வராது” என்ற ஒரு வரிப் பதிலுக்கே மாதம் ஓடிவிடும்.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுத்தால் வேகமாக நடக்கும் என்று நம்புகிறார்கள். அந்த மனுவும் “தக்க நடவடிக்கைக்காக” அதே பொறியாளர் மேசைக்குத்தான் வரும். பிறகு எல்லோருக்கும் மனப்பாடமான பதில்: ஆய்வின்போது கழிவுநீர் வெளியேற்றம் காணப்படவில்லை. காணப்படாதுதான்! திறந்துவிடுவது ராத்திரி இரண்டு மணிக்கு, ஆய்வுக்கு வருவது பகல் பதினொன்றுக்கு. அதனால் “விவசாயம் நாசமாகிறது” என்று பக்கம் பக்கமாக எழுதாதீர்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த வாய்க்கால், எந்த சர்வே எண் என்று எழுதி, இரவு ஆய்வு கேளுங்கள். உங்கள் நகலில் தேதியோடு தபால் பிரிவு சீல் வாங்காமல் வெளியே வராதீர்கள். மறுத்தால், சேர்ந்ததற்கான சான்று கேட்டு விரைவுத் தபால்.

கூடவே 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு தகவல் உரிமை மனு. ஆலையின் இசைவாணை (ஆலையை நடத்த வாரியம் கொடுத்த அனுமதி) நகல், ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் கழிவுநீருக்கு அனுமதி, கடைசி ஆய்வறிக்கைகள், ஆய்வக முடிவுகள் ஆகியவற்றைக் கேளுங்கள். “ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?” என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று தள்ளிவிடுவார்கள். “என் மனு மீது எடுத்த நடவடிக்கையின் கோப்பு நகல்” என்று கேட்டால் தள்ள முடியாது. 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு.

வெளியே பலருக்குத் தெரியாத இன்னொன்று, அந்த நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 49ஆம் பிரிவு. நீதிமன்றத்தில் புகார் செய்யப் போகிறேன் என்று வாரியத்துக்கு 60 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு நீங்களே போகலாம். அப்போது கேட்டால் தன்னிடம் உள்ள அறிக்கைகளை வாரியம் தர வேண்டும். பொதுநலனுக்குக் கேடு என்று மட்டுமே மறுக்கலாம்.

நிறையப் பேர் தோற்பது கெடுவில். சுற்றுச்சூழல் வழக்குகளை மட்டும் விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக 6 மாதம்தான், அதுவும் பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து. தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். “பரிசீலனையில் உள்ளது” என்று வாரியம் எழுதும் கடிதத்தால் கெடு நிற்காது. இழப்பீடு கேட்க மட்டும் 5 ஆண்டு. கட்டணம் 1,000 ரூபாய். இழப்பீடு கேட்டால் கேட்கும் தொகையில் ஒரு சதவீதம், குறைந்தது அதே 1,000. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம்.

அந்தப் பெரியவர் மூன்று வருஷத்தில் பதினொரு மனு கொடுத்திருந்தார். ஒன்றின் நகல்கூட அவரிடம் இல்லை. கலெக்டர் அலுவலகத்தில் தகவல் உரிமையில் கேட்டு, முதல் மனுவின் தேதியைக் கண்டுபிடித்தோம். 6 மாதக் கெடு எப்போதோ போய்விட்டிருந்தது. இழப்பீட்டுக்கு இன்னும் ஒன்றே முக்கால் வருஷம் மிச்சம் இருந்தது, அதற்குள் இழப்பீட்டு மனு போட்டோம்.