பத்துக்கு மூன்று எடுத்த பிள்ளை

"இவனுக்குப் படிப்பு ஏறாதோ ரீச்சர்?"

வன்னியில், ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு முன்பள்ளியில், வருட இறுதி அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தாய் கேட்டார். எண் அறிவு: பத்துக்கு மூன்று. பிள்ளைக்கு வயது நாலரை.

முன்பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. அன்று காலையில்தான் அந்தப் பிள்ளையோடு மண்ணில் குந்தியிருந்து கதைத்தேன். "எங்கட பட்டியில ஏழு கண்டு நிக்குது. ரெண்டு நாம்பன், மற்ற அஞ்சும் நாகு." ஏழு கன்றுகளை இரண்டு ஆண், ஐந்து பெண் என்று பிரிக்கத் தெரிந்தவன் அவன். வினாத்தாளில் இருந்தவை அப்பிள் படங்கள். எண்ணி, பக்கத்துப் பெட்டிக்குள் இலக்கத்தை எழுத வேண்டும். அவனுடைய விரல்களுக்கு அந்தப் பலம் இன்னும் வரவில்லை. பெட்டிகள் வெறுமையாகக் கிடந்தன. தாள் அளந்தது பென்சில் பிடியை, அறிக்கையில் ஏறியது எண் அறிவு.

இந்த அநியாயத்தை எதிர்த்தவர்களில் ஒருவர் அமெரிக்கக் கல்வியியல் பேராசிரியர் சாமுவேல் மைசல்ஸ். அங்கே வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கான 'ஹெட் ஸ்டார்ட்' முன்பள்ளிகளில் 2003இல் ஒரு சோதனை தொடங்கியது. 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறுசுகளுக்கு, வருடத்துக்கு இரண்டு தடவை, எல்லோருக்கும் ஒரே கேள்விகள். மைசல்ஸ் கடுமையாக விமர்சித்து எழுதினார். 2007இல் அது கைவிடப்பட்டது. அவரும் சகாக்களும் உருவாக்கிய முறையில் ஆசிரியர் நாளாந்தம் அவதானிக்கிறார், பிள்ளையின் வேலைகளைக் கோப்பில் சேர்க்கிறார், வருடத்துக்கு மூன்று தடவை அறிக்கை எழுதுகிறார்.

வன்னியில் இதற்குப் பிள்ளைக்கு ஒரு கொப்பி போதும். திகதி போட்டு, பிள்ளை சொன்னதையும் செய்ததையும் அப்படியே எழுதுங்கள். 'கெட்டிக்காரி', 'மந்தம்' எல்லாம் வேண்டாம். "வாளிக்குள் ஆறு சிரட்டை போட்டாள், ஒன்றை எடுத்துவிட்டு 'இப்ப அஞ்சு' என்றாள்." இவ்வளவுதான். இருபத்தைந்து பிள்ளைகள் என்றாலும் நாளுக்கு ஐந்து பேராக எழுதினால் கிழமை முடிய எல்லோரும் வந்துவிடுவார்கள்.

கூப்பிட்டும் திரும்பாத பிள்ளையை 'சொல்வழி கேளாது' என்று எழுத முன்னர், காது கேட்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் என்றால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

புள்ளி கேட்கும் பெற்றோரில் பிழை சொல்ல எனக்கு மனம் வராது. 2009இல் போர் முடிந்த பிறகு வெறுங்கையோடு ஊர் திரும்பிய குடும்பங்களுக்குப் படிப்புத்தான் சொத்து. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைப் பயம் முன்பள்ளி வாசல்வரை வந்து நிற்கிறது. ஆனால் நாலரை வயதில் 'ஏறாது' என்று வீட்டில் ஒரு பேச்சு எழும்பினால், அந்தப் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டுதான் வளரும்.

ஆசிரியரும் நானும் இருந்து அந்த அறிக்கையை மாற்றி எழுதினோம். மூன்றை எடுத்துவிட்டு, கன்றுக் கதையை அவன் சொன்ன மாதிரியே போட்டோம். தாய் எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு மகனைப் பார்த்து, "விடிய ஒண்டு பிறந்ததெல்லே, அதை ஏன்டா சொல்லேல்லை?" என்றார்.

"அப்ப எட்டு," என்றான் அவன்.