கரிப் பிஸ்டன் சீஸ் ஆகாது

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: “கார் பம்பர் பிளாஸ்டிக் ஆகிவிட்டது. விமான இறக்கை கார்பன் ஃபைபர் ஆகிவிட்டது. பிஸ்டன் மட்டும் ஏன் சார் இன்னும் அலுமினியம்?”

இன்ஜின் சிலிண்டருக்குள், எரியும் பெட்ரோல் தள்ளத் தள்ள மேலும் கீழும் ஓடும் உருளைதான் பிஸ்டன். “உள்ளே அவ்வளவு சூடு, அலுமினியம்தான் தாங்கும்” என்பது வழக்கமான பதில். அது தப்பு. பிஸ்டன் வார்க்கும் அலுமினியம்-சிலிக்கான் கலவை 600 டிகிரி செல்சியஸை எட்டும் முன்பே உருகத் தொடங்கிவிடும். 300 டிகிரியிலேயே அதன் வலு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். சூடு தாங்கும் விஷயத்தில் அது உலோகங்களில் ஒரு சவலைப்பிள்ளை. ஆனாலும் பிழைத்துக்கொள்கிறது. காரணம், வாங்குகிற சூட்டைக் கையில் வைத்துக்கொள்ளாமல் தன்னைச் சுற்றி மாட்டிய ரிங் வழியாகவும், ஸ்கர்ட் எனப்படும் கீழ்ப்பக்கச் சுவர் வழியாகவும் சிலிண்டர் சுவருக்குத் தள்ளிவிடும். எடையும் குறைவு. நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும் இன்ஜினில் பிஸ்டன் நொடிக்கு நூறு தடவை மேலே போய்க் கீழே வர வேண்டும். கனமான ஆளுக்கு அங்கே வேலை இல்லை.

சரி, அப்படியானால் பிஸ்டனின் உண்மையான தலைவலி எது? இடைவெளி.

சூடானால் பொருள் விரியும் என்பதைத் தண்டவாளப் படத்தோடு பள்ளிக்கூடத்திலேயே படித்தாயிற்று. அதே கணக்கை 100 சிசி பைக் ஒன்றுக்குப் போட்டுப் பார்ப்போம். பிஸ்டனின் விட்டம் 50 மி.மீ. ஸ்கர்ட் பகுதி 120 டிகிரி சூடேறினால் விட்டம் சுமார் 0.12 மி.மீ. கூடும். அதைச் சுற்றியிருக்கும் இரும்பு ஸ்லீவ், அதாவது சிலிண்டரின் உள்குழாய், அவ்வளவு சூடாவதில்லை, விரிவதிலும் இரும்பு கஞ்சம். 80 டிகிரி ஏறினால் 0.04 மி.மீ.தான் கூடும். வித்தியாசம் 0.08 மி.மீ., அதாவது ஒரு தலைமுடியின் தடிமன். இந்த இடத்தை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே விட்டுவைக்க வேண்டும். விடாவிட்டால் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். பட்டறையில் ‘சீஸ் ஆயிடுச்சு’ என்பார்கள். கூடுதலாக விட்டால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் பிஸ்டன் சுவரில் மோதி டக் டக்கென்று சத்தம் கொடுக்கும்.

இதனால்தான் பிஸ்டனை வட்டமாகக் கடைவதே இல்லை. பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு மாட்டும் ‘பின்’ என்ற குறுக்குக் கம்பி போகும் திசையில் விட்டம் துளி குறைவு. நெருப்பு படும் தலைப்பகுதியில் இன்னும் குறைவு. ஓடிச் சூடேறிய பிறகுதான் அது வட்டத்துக்குக் கிட்டே வருகிறது. கண்ணுக்கு உருளையாகத் தெரியும், மைக்ரோமீட்டர் வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இந்தத் தொல்லையே இல்லாத ஒரு பிஸ்டனை நண்பர் ஒருவரின் மேசையில் பார்த்தேன். பொம்மை ஸ்டிர்லிங் இன்ஜின் அது, வெளியே சூடு காட்டினால் உள்ளே அடைத்த காற்று விரிந்து ஓட்டும் வகை. சுண்டுவிரல் பருமனில் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் கறுப்பாக ஒரு கிராஃபைட் உருளை, பென்சிலுக்குள் இருக்கும் அதே கரி. ரிங் கிடையாது, எண்ணெய் கிடையாது. குழாயைக் கழற்றி, அடிவாயைக் கட்டைவிரலால் மூடி, செங்குத்தாகப் பிடிக்கச் சொன்னார். உள்ளே இருந்த கரி உருளை விழவில்லை. அந்தரத்தில் உட்கார்ந்தது மாதிரி, கண்ணுக்கே தெரியாத அளவு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. விரலை எடுத்தேன், சட்டென்று கீழே வந்து விழுந்தது. பத்துத் தடவையாவது செய்திருப்பேன். டீ ஆறிப்போனது.

ரப்பர், ரிங் எதுவும் இல்லாமல் காற்று எப்படி நின்றது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு வருகிறது. ஒரு குறுகிய இடுக்கு வழியாகக் காற்று கசிவது, இடுக்கின் அகலத்துக்கு நேர் விகிதத்தில் கூடுவதில்லை. மும்மடியில் கூடுகிறது. தேர் ஓடும் நாளில் ஒரு குறுகலான தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். சுவரோரம் நிற்பவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நகரவே மாட்டார்கள், நடுவில் இருப்பவர்கள்தான் நடப்பார்கள். காற்றும் அப்படித்தான். சுவரைத் தொட்ட மூலக்கூறுகள் நின்றுவிடும், பக்கத்தில் இருப்பவற்றையும் பிடித்து இழுக்கும். தெருவை அகலமாக்கினால் ஆள் போக இடம் கூடுவது ஒரு மடி. நடுவில் போகிறவர்கள் சுவரின் பிடியிலிருந்து விலகி வேகமெடுப்பது இன்னும் இரண்டு மடி. ஆக இடுக்கு இரு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு, ஐந்து மடங்கானால் 125 மடங்கு. திருப்பிப் போட்டால், இடுக்கை ஐந்தில் ஒன்றாகக் குறைக்க முடிந்தவனுக்கு ரிங்கே தேவைப்படாமல் போகலாம்.

ஆனால் இவ்வளவு சின்ன இடுக்கு, சூடு ஏறினாலும் இறங்கினாலும் மாறாமல் இருக்க வேண்டும். லேபில் பயன்படுத்தும் போரோசிலிகேட் கண்ணாடி, ஒரு மீட்டருக்கு டிகிரிக்கு 3.3 மைக்ரான் (மைக்ரான் என்றால் மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விரியும். நல்ல கிராஃபைட் ஏறக்குறைய அதே கணக்கில், நான்கு ஐந்து மைக்ரான். அலுமினியமோ இருபதுக்கு மேல். கண்ணாடியும் கரியும் பொருத்தம் பார்த்துக் கட்டிவைத்த ஜோடி.

எண்ணெய் இல்லாமல் அது வழுக்குவதிலும் ஒரு கதை உண்டு. கிராஃபைட் அடுக்கடுக்காக இருக்கிறது, சீட்டுக்கட்டு போல வழுக்குகிறது என்று படித்திருப்போம். முழு உண்மை அதுவல்ல. இரண்டாம் உலகப் போரில் விமானங்கள் உயரப் பறக்கத் தொடங்கியதும் ஜெனரேட்டர்களில் சுழலும் பகுதியோடு உரசி மின்சாரம் எடுக்கும் கரி பிரஷ்கள் மளமளவென்று பொடியாகித் தீர்ந்தன. மேலே காற்றில் ஈரம் இல்லை, அதுதான் காரணம். அடுக்குகளின் விளிம்பில் நீராவி மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டால்தான் கிராஃபைட் வழுக்கும். சென்னைப் புழுக்கத்துக்கு இப்படி ஒரு பயன் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்!

இனி பைக் இன்ஜினுக்கு வருவோம். மேலே போட்ட கணக்கில் அலுமினியத்தை எடுத்துவிட்டு கரியை வையுங்கள். 120 டிகிரிக்கு 0.03 மி.மீ.தான் விரியும். இரும்பு ஸ்லீவ் 0.04. அதாவது சூடேறினால் இடைவெளி கூடுகிறதே தவிர குறைவதில்லை. சீஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. கிராஃபைட்டின் எடை அலுமினியத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். சூடேற ஏற அதன் வலு குறையாது, சுமார் 2500 டிகிரி வரை கூடிக்கொண்டே போகும். விரிவுக்கென்று இடம் விட வேண்டாம் என்பதால், தலைப்பகுதியில் முதல் ரிங்குக்கு மேலே இருக்கும் வளைய இடுக்கையும் சின்னதாகவே வைக்கலாம். அந்தச் சந்துக்குள் தீச்சுடர் நுழையாது, அங்கே ஒளிந்துகொள்ளும் பெட்ரோல் எரியாமலே சைலன்சர் வழியாகப் போகிறது. புகைச் சோதனையில் வண்டி தோற்பதில் அதற்கும் பங்குண்டு.

அமெரிக்காவில் நாசாவின் லாங்லி ஆய்வு மையம் 1980-களில் இதில் இறங்கியது. வெறும் கிராஃபைட் எளிதில் நொறுங்கும் என்பதால் கரி இழையைக் கரியாலேயே பிணைத்த கார்பன்-கார்பன் பிஸ்டன்களைச் செய்து, காப்புரிமையும் வாங்கியது. அப்புறம் ஏன் அது உங்கள் வண்டியில் இல்லை? முதல் காரணம், கரி எரியும். 400, 500 டிகிரிக்கு மேல் காற்றோடு சேர்ந்து மெல்ல மெல்லத் தேயும், மேலே பூச்சு போட்டாக வேண்டும். இரண்டாவது, செய்முறை. இழைத் துணியைப் பிசினில் தோய்த்து, காற்றில்லாத உலையில் கரியாக்கி, விழுந்த துளைகளில் மறுபடி பிசின் நிரப்பி, மறுபடி கரியாக்கி என்று வாரக்கணக்கில் போகும். அலுமினியம் பிஸ்டனோ அச்சில் ஊற்றிய சில நிமிடங்களில் வெளியே வந்துவிடும். ராக்கெட் முனைக்கும் போர்விமான பிரேக்குக்கும் இந்தச் செலவு தகும், மீன் வியாபாரியின் டிவிஎஸ் எக்செல்லுக்குத் தகாது.

பீங்கானையும் முயன்றார்கள். கம்மின்ஸ் என்ற இன்ஜின் நிறுவனமும் அமெரிக்க ராணுவமும் சேர்ந்து, 1980-களின் தொடக்கத்தில், ரேடியேட்டரே இல்லாமல் ஒரு ஐந்து டன் லாரியை ஓட்டிக் காட்டின. சூட்டை வெளியே விடாமல் பீங்கானால் மூடினால் அதெல்லாம் வேலையாக மாறும் என்பது எண்ணம். மாறவில்லை. பெரும்பகுதி புகையோடு சேர்ந்து சைலன்சர் வழியாகப் போனது. போதாததற்குச் சூடான சுவர், உள்ளே வரும் காற்றையும் உப்பவைத்து அளவைக் குறைத்தது. பணம் வீண் என்று இதைச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ‘இது நடக்காது’ என்று அளந்து சொல்லவும் காசு செலவழிக்கத்தான் வேண்டும். நம் ஊரில் அந்தக் காசு ஆய்வகத்துக்கு வருவதில்லை, பெட்ரோல் குழாயில் காந்தம் கட்டினால் மைலேஜ் இரட்டிப்பாகும் என்பவனிடம் போகிறது. எலுமிச்சம்பழம் கட்டுவதாவது ஐந்து ரூபாயோடு முடியும்.

வென்ற வழி ஒட்டுவேலைதான். டொயோட்டா 1983 வாக்கில், டீசல் பிஸ்டன் முழுவதையும் மாற்றாமல், சீக்கிரம் தேயும் ரிங் பள்ளத்தில் மட்டும் பீங்கான் இழை வளையத்தை வைத்து, உருகிய அலுமினியத்தை அழுத்தத்தோடு அதற்குள் ஏற்றியது. சும்மா ஊற்றினால் சேம்பு இலைத் தண்ணீர் மாதிரி உருண்டோடிவிடும், அழுத்தினால்தான் இழைக்குள் இறங்கும். கொரோனா நாட்களில் வீட்டுக்கு வீடு தேடிய ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரிலும் ஒரு சின்ன பிஸ்டன் ஓடியது. மூச்சில் எண்ணெய் கலக்கக்கூடாது என்பதால் அதன் விளிம்பில் டெஃப்லான் கலவை. டெஃப்லான் தேயும்போது சுவரில் மெல்லிய படலமாகப் பூசிக்கொள்ளும், பிறகு டெஃப்லான்மேல் டெஃப்லானே ஓடும்.

உங்கள் பைக்கிலும் அலோகம் நுழைந்து வெகுநாளாகிவிட்டது. இப்போது வரும் பல பிஸ்டன்களின் ஸ்கர்ட்டில் கறுப்பாக ஒரு திட்டு இருக்கும். கிராஃபைட் தூளைச் சூடு தாங்கும் பிசினில் கலந்து அச்சடித்தது, தடிமன் பத்து இருபது மைக்ரான். ஆயில் இன்னும் மேலே வந்து சேராத அந்தக் காலை நேர முதல் சில நொடிகளுக்காக அது.

போன வருடம் என் வண்டியை ரீபோருக்கு, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து புதுப் பிஸ்டன் போட, விட்டிருந்தேன். பட்டறைக்குப் போனபோது பையன் டப்பாவிலிருந்து புதுப் பிஸ்டனை எடுத்து, எமரித் தாளால் மும்முரமாகத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“என்னப்பா பண்றே?”

“புதுசுலயே கரி பிடிச்சிருக்குண்ணே.”

ஒரு பக்கம் ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்தது.