கோபம் ஏன் உடனே இறங்குவதில்லை?

சண்டை முடிந்துவிட்டது. எதிரே நின்றவர் போய்விட்டார், அல்லது மன்னிப்பே கேட்டுவிட்டார். ஆனாலும் கை நடுக்கம் நிற்கவில்லை, வாய் உலர்ந்து கிடக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. அந்த நேரம் பார்த்துச் சம்பந்தமே இல்லாத ஒருவர் வந்து சாதாரணமாக ஏதோ கேட்கிறார். அவர் மேல் எரிந்து விழுகிறோம். இதைக் குணக்கேடு என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் உடம்புக்குள் நடப்பதைக் கவனித்தால் வேறொன்று தெரியும். கோபத்தின் காரணம் போய்விட்டாலும் அதனால் ரத்தத்தில் கலந்துவிட்டவை அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. அந்த மிச்சம்தான் இரண்டாவது சண்டையைக் கிளப்புகிறது.

மூளையின் அடிப்பகுதியில், சுமார் 4 கிராம் எடையே உள்ள ஹைப்போதலாமஸ் என்ற பகுதி இருக்கிறது. பசி, தாகம், உடல் வெப்பம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது அதுதான். சூரிச் நகரில் வால்டர் ஹெஸ் என்ற உடலியல் அறிஞர் பூனைகளின் ஹைப்போதலாமஸுக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தி, மிகச் சிறிய மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார். அமைதியாக இருந்த பூனை முடி சிலிர்த்து, காதுகளை மடக்கி, சீறிக்கொண்டு பக்கத்தில் இருப்பவர் மேல் பாய்ந்தது. உள்ளுறுப்புகளை இயக்குவதில் மூளையின் இந்தப் பகுதிக்கு உள்ள பங்கைக் கண்டறிந்ததற்காக 1949இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

2011இல் கலிஃபோர்னியாவின் கால்டெக் நிறுவனத்தில் டேவிட் ஆண்டர்சனின் குழு இதை இன்னும் நுணுக்கமாகச் செய்து காட்டியது. சுண்டெலியின் ஹைப்போதலாமஸில் ஒரு சின்னஞ்சிறு நரம்பணுக் கூட்டத்தை மட்டும் ஒளிபட்டால் இயங்கும்படி மாற்றினார்கள். ஒளியைப் பாய்ச்சியதும் ஆண் சுண்டெலி, வழக்கமாகத் தாக்காத பெண் எலியையும் தாக்கியது. காற்றடைத்த ரப்பர் கையுறையைக்கூட விட்டுவைக்கவில்லை. கையுறை அதற்கு என்ன தீங்கு செய்தது? உள்ளே விசை தட்டிவிட்டால் எதிரில் இருப்பது யார் என்பது இரண்டாம்பட்சம் ஆகிவிடுகிறது.

சரி, அந்த விசை அணைவது எப்படி? அதே ஆய்வகம் 2023இல் வெளியிட்ட ஒரு ஆய்வு என்னை மிகவும் கவர்ந்தது. ஒரு எலியின் கூண்டுக்குள் அந்நிய எலி ஒன்றை விட்டு, நரம்பணுக்களின் இயக்கத்தைத் தொடர்ந்து பதிவு செய்தார்கள். மோதல் முற்ற முற்ற அவற்றில் ஒரு பகுதியின் இயக்கம் படிப்படியாக ஏறியது. அந்நிய எலியை வெளியே எடுத்த பிறகும் அது சட்டென்று விழவில்லை, மெல்ல மெல்லத்தான் இறங்கியது. அதாவது, கூண்டில் எதிரியே இல்லாதபோதும் மூளைக்குள் சண்டையின் சூடு இருக்கிறது.

இது மூளைக்குள் நடக்கும் கதை. உடம்பில் இதைவிட நீண்ட கதை ஓடுகிறது. ஆபத்து என்றோ அவமானம் என்றோ மூளை முடிவு கட்டியதும் இரண்டு வழிகளில் உத்தரவு போகிறது. முதல் வழி நரம்பு. தண்டுவடம் வழியாக நேராகச் சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்குச் செய்தி பாய்கிறது, அவற்றின் உட்பகுதி சில நொடிகளில் அட்ரினலினைக் கொட்டுகிறது. இதயம் வேகமெடுக்கிறது. கல்லீரல் சேர்த்துவைத்த சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. எச்சில் குறைகிறது, குடலுக்குப் போகும் ரத்தம் தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. ஜீரணம் நின்றுபோவதை ஹார்வர்டில் வால்டர் கேனன் எக்ஸ்ரே மூலம் நேரில் பார்த்தார். அவர் சோதித்த பூனைகள் மிரண்டதும் அவற்றின் இரைப்பை அசைவு அப்படியே நின்றுவிட்டது. ‘சண்டையிடு அல்லது ஓடு’ என்று இன்று எல்லோரும் சொல்லும் விளக்கம் அவர் தந்ததுதான்.

அட்ரினலின் ரத்தத்தில் அதிக நேரம் நிற்பதில்லை, இரண்டு மூன்று நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடும். இரண்டாவது வழிதான் நிதானமானது. ஹைப்போதலாமஸ் ஒரு ஹார்மோனைச் சுரந்து, தனக்குக் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும், பிட்யூட்டரி இன்னொரு ஹார்மோனை ரத்தத்தில் அனுப்பும், அது அட்ரினல் சுரப்பியின் வெளிப்பகுதியைப் போய்ச் சேர்ந்து கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனைச் சுரக்க வைக்கும். இத்தனை கைமாறி வருவதால் கார்ட்டிசாலின் அளவு உச்சத்தைத் தொட 20 முதல் 30 நிமிடங்கள் ஆகின்றன. அப்புறம் அது பாதியாகக் குறைய ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். வாக்குவாதம் ஐந்தே நிமிடத்தில் முடிந்திருக்கும். கார்ட்டிசால் உச்சத்துக்குப் போவதோ, நாம் வேறு வேலையில் உட்கார்ந்த பிறகு.

கார்ட்டிசாலைக் கெட்ட ஹார்மோன் என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அது சரியில்லை. அது இல்லாமல் நாம் உயிர்வாழ முடியாது. செலவான சக்தியை ஈடுகட்டுவதும், அழற்சியை அடக்குவதும், போதிய அளவு வந்ததும் ஹைப்போதலாமஸுக்குத் திரும்பிப் போய் ‘போதும், நிறுத்து’ என்று சொல்வதும் அதன் வேலைதான். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது.

அந்த இடத்தைக் காட்டியது நெதர்லாந்தின் மென்னோ க்ரூக்கும் ஹங்கேரிய ஆய்வாளர்களும் சேர்ந்து எலிகளில் செய்த சோதனை. 2004இல் வெளியானது. எலியின் ஹைப்போதலாமஸில் தாக்குதலைத் தூண்டும் இடத்தில் மின்சாரம் செலுத்தினார்கள். எதிரி எலி பக்கத்தில் இல்லாதபோதும் மன அழுத்த ஹார்மோன் விரைவாக ஏறியது (எலிகளில் கார்ட்டிசாலின் வேலையைச் செய்வது கார்ட்டிகோஸ்டீரோன்). பிறகு அட்ரினல் சுரப்பிகளை நீக்கிய எலிகளுக்கு இதே ஹார்மோனை ஊசி மூலம் கொடுத்தார்கள். இப்போது முன்பைவிடக் குறைந்த மின்சாரத்துக்கே அவை தாக்கத் தொடங்கின. சண்டை அழுத்த ஹார்மோனை ஏற்றுகிறது, அந்த ஹார்மோன் அடுத்த சண்டைக்கான வாசலைத் தாழ்த்துகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன, அதுவும் நிமிடக் கணக்கில். கோபம் ஏன் பற்றிப் பரவுகிறது என்பதற்கு நான் படித்தவற்றில் இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை.

மனிதர்களிடம் இன்னொரு சிக்கல் சேர்கிறது. நாம் அடங்கிவிட்டோம் என்று நினைப்பதும் உடம்பு அடங்குவதும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. உளவியலாளர் டால்ஃப் ஸில்மான் 1970களில், கோபமூட்டப்பட்டவர்களை உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்க வைத்துச் சோதித்தார். மிதித்து முடித்த உடனே பழிவாங்க வாய்ப்புக் கொடுத்தால் அவர்கள் அவ்வளவு கடுமை காட்டவில்லை. மூச்சு வாங்குவது சைக்கிளால்தான் என்று அவர்களுக்கே தெரியும். சில நிமிடங்கள் கழித்துக் கொடுத்தபோதுதான் கடுமை கூடியது. களைப்பு போய்விட்டதாக அவர்கள் நினைத்தார்கள், உடலின் கிளர்ச்சி முழுதாகத் தணிந்திருக்கவில்லை. மிச்சமிருந்த படபடப்பு கோபத்தின் கணக்கில் சேர்ந்துவிட்டது.

இந்த நேரத்தில் கட்டுப்படுத்த வேண்டியது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணி. ‘இதைச் சொல்லாதே’ என்று தடுப்பது அதுதான். ஆனால் அழுத்தத்தின்போது மூளையில் நார்அட்ரினலின், டோப்பமின் என்ற வேதிப்பொருள்கள் அளவுக்கு மீறிப் போனால் அந்தப் பகுதியின் பிடி தளர்ந்துவிடும் என்று யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டனின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மிக அவசியமாகத் தேவைப்படும் நேரத்தில்தான் அது கைவிடுகிறது. வாய்க்கு வந்ததைப் பேசுவது இப்படித்தான்.

ஆண்களிடம் அதிகம் சுரக்கும் டெஸ்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனைப் பற்றியும் கேட்பார்கள். அது எகிறினால் கோபம் எகிறும் என்ற எளிய கணக்கு நிற்பதில்லை. 1990இல் ஜான் விங்ஃபீல்டும் அவரது சகாக்களும் பறவைகளை வைத்துச் சொன்னதைப் போல, பல நேரங்களில் சவால் வந்த பிறகுதான் அந்த ஹார்மோன் ஏறுகிறது.

மனசாரத் திட்டித் தீர்த்தால் கோபம் வடிந்துவிடும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். உளவியலாளர் பிராட் புஷ்மேன் 2002இல் 600 கல்லூரி மாணவர்களைக் கொண்டு இதைச் சோதித்தார். அவர்கள் எழுதிய கட்டுரையை மட்டமாக விமர்சித்துக் கோபமூட்டிய பிறகு, ஒரு பகுதியினரை விமர்சித்தவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தச் சொன்னார். இன்னொரு பகுதியினர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். குத்தியவர்களிடம்தான் கோபம் அதிகம் இருந்தது. நடந்ததை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டுவதும் அப்படியே. அவமானத்தை நினைவுகூர்ந்தாலே இறங்கிய ரத்த அழுத்தம் மறுபடி ஏறும்.

அமெரிக்காவில் தம்பதிகளின் வாக்குவாதங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜான் காட்மேன், ஒரு ஆய்வில் வாக்குவாதத்தைப் பாதியில் நிறுத்தினார். கருவியைச் சரிசெய்ய வேண்டும், அதுவரை பிரச்சினையைப் பேசாமல் பத்திரிகை படித்துக்கொண்டிருங்கள் என்று சொல்லி அரை மணி நேரம் உட்கார வைத்தார். திரும்பப் பேசத் தொடங்கியபோது இருவரின் இதயத் துடிப்பும் நன்றாகக் குறைந்திருந்தது, பேச்சும் பயனுள்ளதாகப் போனது. அந்த அரை மணியில் யாரும் யாரையும் சமாதானப்படுத்தவில்லை. கோபத்தைக் கிளப்பிய விஷயமும் அப்படியேதான் இருந்தது.